பெட்டி சொன்ன முதல் பெயர்

பெட்டிக்குள் கடுகளவு ஒரு பொருள் இருந்தது. அது தன்போக்கில் சிதைந்துகொண்டிருந்தது. அடுத்த துகள் எந்த நொடியில் தெறிக்கும் என்று பெட்டியைச் செய்தவர்களுக்கும் தெரியாது, வாங்கி வைத்த அரசுக்கும் தெரியாது. அந்தத் தெறிப்புகளிலிருந்து ஓர் எண் பிறக்கும். அந்த எண்ணுக்குரிய நோயாளிக்கு, அவருடைய திசுவிலிருந்தே ஒரு சிறுநீரகம் வளர்த்துக் கொடுப்பார்கள்.

கருவேலம்பாளையம் மருத்துவமனையில் வளர்தொட்டி ஒன்றுதான் இருந்தது. வெயில் எல்லை மீறுவது செய்தியாகவே இல்லாமல் போன காலம் அது. தறிக் கொட்டகைகளிலும் மஞ்சள் விளையும் காடுகளிலும் வேலை செய்தவர்களுக்கு, நடுத்தர வயதைத் தாண்டுவதற்குள் சிறுநீரகம் சுருங்கியது. வெக்கை நோய் என்றார்கள். தொட்டி காலியாகும்போதெல்லாம் ஒருவருக்கு மட்டும் இடம் கிடைத்தது. முன்பு அதற்கு வரிசை இருந்தது. சிபாரிசுக் கடிதங்கள் வரிசையை உடைத்தன. ஒரு நாள் ஜனங்கள் மருத்துவமனைக் கதவை உடைத்தார்கள். அதன் பிறகுதான் குலுக்கல் வந்தது, பெட்டி வந்தது, பெட்டியைச் சரிபார்க்கச் சென்னையிலிருந்து வசுமதி வரத் தொடங்கினாள்.

ஆண்டுக்கு ஒருமுறை வருவாள். பெட்டி அந்த ஆண்டில் கொடுத்த எண்களை எல்லாம் எடுத்துக்கொண்டு, அவற்றில் ஏதாவது சாய்வு இருக்கிறதா என்று தன் கணிப்பொறியில் ஓட்டிப் பார்ப்பாள். எந்த எண்ணாவது அதிகம் வருகிறதா, ஓர் எண்ணின் வால் பிடித்து இன்னொன்று வருகிறதா, ஓர் ஊரோ ஒரு சாதியோ ஒரு வயதோ மிகுந்து தெரிகிறதா. எதுவும் இருக்காது. பிறகு ஒரு சான்றிதழில் கையெழுத்திடுவாள். ‘இக்குலுக்கலில் எவ்விதப் பாரபட்சமும் இல்லை’ என்ற அந்தத் தாளை மருத்துவமனைச் சுவரில் ஒட்டுவார்கள். போகிற வழியில் அதைப் பார்க்கும்போது வசுமதிக்கு உள்ளுக்குள் ஒரு நிமிர்வு தோன்றும். மனிதர்கள் கலப்படம் செய்ய முடியாத ஒரு பொருளுக்குத் தான் காவல் என்ற நிமிர்வு.

இம்முறை அவள் வந்த அன்றே குலுக்கலும் இருந்தது. முதல்முறையாக உள்ளே உட்கார்ந்து பார்த்தாள்.

உள்ளறை சிறியது. பெட்டி, ஒரு திரை, இரண்டு பொத்தான்கள், பொத்தான்களுக்கு முன்னால் தெய்வானை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் திருநீறு மட்டும். ஒவ்வொரு ஆண்டும் வசுமதிக்கு மோர் கொண்டுவந்து வைப்பவள் அவள்தான். கதவுக்கு வெளியே பந்தலில் நோயாளிகளும் உறவினர்களும் கூடியிருந்தார்கள். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். தேர்வானவரை மேடையில் உட்கார வைத்து ஆரத்தி எடுப்பது இந்த ஊர் வழக்கமாகிவிட்டது. யாரும் சொல்லி வந்ததல்ல. மறுபிறப்பு மாதிரிதானே என்று யாரோ ஒரு முறை தட்டு எடுத்தார்கள், நிலைத்துவிட்டது.

தெய்வானை சாமி கும்பிட்டுவிட்டுப் பச்சைப் பொத்தானை அமுக்கினாள். திரையில் ஒரு முகம் வந்தது. பெண். ஒடுங்கிய கன்னம், வெற்று நெற்றி, வெள்ளைச் சேலையின் விளிம்பு. தெய்வானை நாக்கால் மெல்ல ‘த்சு’ என்றாள். இன்னொரு பொத்தானை அமுக்கினாள். ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று எழுத்து வந்து அந்த முகம் போயிற்று. பட்டியலில் இருப்பவர்கள் காத்திருக்கும்போதே இறந்துவிடுவதுண்டு. செய்தி வந்து சேர நாளாகும். அதற்காகத்தான் அந்தப் பொத்தான் வைத்திருந்தார்கள். மறுபடி பச்சை. இம்முறை ஓர் இளம்பெண் வந்தாள். நெற்றி நிறைய குங்குமம், தோளில் வழியும் மல்லிகை. கோகிலவாணி என்று பெயர். தெய்வானையின் முகம் தெளிந்தது. வசுமதியும் புன்னகை செய்தாள். வெளியே பெயரைப் படித்தார்கள். யாரோ குலவையிட்டார்கள்.

நண்பகலுக்குள் வசுமதி தன் சோதனைகளை முடித்தாள். பெட்டி எப்போதும்போல மாசற்றிருந்தது. சான்றிதழில் கையெழுத்திட்டு மருத்துவமனைப் பொறுப்பாளர் டாக்டர் செங்கோட்டுவேலின் மேசையில் வைத்துவிட்டு, சாப்பிடுவதற்கு முன் காற்றாட வராந்தாவுக்கு வந்தாள்.

வராந்தா பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு பனிக்கட்டித் துண்டைத் துணியில் சுற்றி உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள். இந்த நோயாளிகள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். தாகத்தை இப்படித்தான் ஏமாற்றுவார்கள். வசுமதியின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்ததும் அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

பெட்டியைச் சோதிக்க வருகிறவர் நீங்கள்தானா என்று கேட்டாள். வசுமதி ஆமாம் என்றாள். பெட்டிக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று அடுத்த கேள்வி. வசுமதி தனக்குப் பிடித்த விதத்தில் விளக்கினாள்: ஒரு துளிப் பொருள், அது தானாகச் சிதையும், எப்போது என்று யாருக்கும் தெரியாது.

“சாமிக்குமுங்களா?”

“சாமிக்கும் தெரியாதுன்னுதான் எங்க படிப்பு சொல்லுது.”

அவள் சிரித்தாள். “பாவமுங்க, அவருக்கு இருந்த ஒரு சோலியையும் புடுங்கிட்டீங்க.”

அவள் கையில் ஒரு விண்ணப்பம் இருந்தது. பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடச் சொல்லி எழுதித் தர வந்திருக்கிறாளாம். குலுக்கல் தொடங்கிய காலத்திலிருந்து இருக்கிற பெயர். ஒவ்வொரு குலுக்கலுக்கும் மகள் தறிக்கூலியை விட்டுவிட்டுக் கூட வருகிறாள், அந்தப் பிள்ளையின் ஆசையை இனியும் இழுத்தடிக்க வேண்டாம் என்று தோன்றிவிட்டது என்றாள்.

எடுக்காதீர்கள், எப்போது வேண்டுமானாலும் வரும் என்று வசுமதி சொன்னாள். இந்த வார்த்தைகளை அவள் பல மாவட்டங்களில் சொல்லியிருக்கிறாள்.

“வராதுங்க.” குரலில் கோபமே இல்லை. “என்னையாட்ட வெள்ளச்சீல கட்டுனவங்க இங்க பாதிப்பேரு இருக்கறோமுங்க. பெட்டிகூட சகுனம் பாக்குதாட்ட இருக்குதுன்னு ஊசி குத்திக்கற நேரத்துல சிரிச்சுக்குவோம். ஆனா அது வெறும் பேச்சுங்க. அதா, செவுத்துல ஒட்டியிருக்குதே காயிதம், ஒரு ஓரவஞ்சனையும் இல்லீன்னு. எம்பட மக படிச்சுக் காட்டுனா. மனுசன் ஒதுக்குனா மனுசங்கூடச் சண்ட போடலாமுங்க. எனக்கு ஒரு நல்லதுக்கும் முன்னால நிக்கக் குடுப்பினை இல்லீன்னு, ஆளு தெரியாத பெட்டியே சொல்லீருச்சுன்னா, அப்புறம் ஆருகிட்டங்க போறது?”

சுவரில் இருந்த தாளில் வசுமதியின் கையெழுத்து வெயிலில் பளபளத்தது.

வசுமதி அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். ஒடுங்கிய கன்னம். வெற்று நெற்றி. இந்த முகத்தை எங்கோ பார்த்திருக்கிறோம் என்று சற்று முன்பே தோன்றியிருந்தது. எல்லா மாவட்டத்திலும் இப்படி ஒரு முகம் இருக்கும் என்று விட்டுவிட்டாள். இப்போது நினைவு வந்தது. காலையில், திரையில், ஒரு மூச்சு விடும் நேரம்.

“உங்க பேரு?”

“மாராயிங்க.”

இறந்தவர்களுக்காக வைத்த பொத்தான். இந்தப் பெண் உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்து பனிக்கட்டியை ஒற்றிக்கொண்டிருக்கிறாள்.

விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டாம், திரும்பி வரும்வரை இங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு வசுமதி உள்ளறைக்கு நடந்தாள். நடக்கும்போது அவளுக்கு முதலில் வந்தது கோபம். ஒரு சரிபார்ப்பாளருக்கு வரவேண்டிய கோபம்தான். அறை வாசலில் அது அவளை விட்டுவிட்டது. அவள் அங்கே இருந்தாள். ஒரு கை தொலைவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். குலுக்கலில் முறைகேட்டைக் கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள், முறைகேடு நடந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தாள்? நினைவுபடுத்திப் பார்த்தாள். புன்னகை செய்துகொண்டிருந்தாள். அந்த முகம் போய் மல்லிகையோடு இன்னொரு முகம் வந்ததும் மனது லேசாகக் குளிர்ந்தது. ஏன் குளிர்ந்தது என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்க வேண்டிய ஒன்று நடந்ததாகவே அவளுக்குத் தெரியவில்லை.

தன் மகளின் கல்யாணத்தில், உறவினர் முகம் சுளித்தபோதும், விதவையான தன் அம்மாவைக் கொண்டு முதல் விளக்கை ஏற்ற வைத்தவள் அவள். அந்தக் கதையை எத்தனை வீடுகளில் சொல்லியிருக்கிறாள். கேட்டவர்கள் எவ்வளவு மெச்சியிருக்கிறார்கள். அந்த விளக்கோடு சகுன நினைப்பு தன்னிடமிருந்து போய்விட்டது என்றல்லவா நினைத்திருந்தாள்.

ஒத்திவைக்கப்பட்ட பெயர்கள் பெட்டியின் நினைவில் பத்திரமாக இருந்தன. ஆண்டுதோறும் அவள் சோதித்த எண்களில் அவையும் கலந்தேயிருந்தன. அதனால்தான் சோதனை ஒவ்வொரு முறையும் தேறியது. பெட்டி எதைக் கொடுத்தது என்று பார்த்திருக்கிறாள். பொத்தானை அமுக்கிய கை எதை எடுத்துக்கொண்டது என்று பார்த்ததில்லை. இப்போது ஒவ்வொரு முகமாகத் திறந்தாள். மெய்யாகவே இறந்துபோயிருந்தவர்கள் சிலர். மற்றவை எல்லாம் வெற்று நெற்றிகள்.

தெய்வானை அவள் பின்னால் வந்து நின்றிருந்தாள். மறைக்கவில்லை. பயப்படவும் இல்லை. வசுமதி திரையைக் காட்டி ஏன் என்று கேட்டபோது, சோறு வெந்ததா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள்.

“யாரும் என்னைய இப்பிடிப் பண்ணச் சொல்லலீங்க, மேடம். மொதல்ல ஒருக்கா அப்பிடி ஒருத்தங்க பேரு வந்துச்சு. மேடைக்குப் போனாங்க. தட்டு வெச்சிருந்த பொம்பளைங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டே நின்னாங்க. ஆரும் எடுக்கலீங்க. கொட்டு நின்னு போச்சு. அந்தம்மா நடு மேடையில தலையக் குனிஞ்சுட்டு… நா கதவு சந்துல பாத்துட்டே இருந்தேன். அதுக்கப்புறம் அப்பிடிப் பேரு வந்தா கை தானா அக்கட்டப் பொத்தானுக்குப் போயிருதுங்க. மறுபடியும் எடுக்கறதும் அதே பெட்டிதானுங்களே. நா யாரையும் சிபாரிசு பண்ணலையே.”

“அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க?”

“நல்லாருக்காங்க. தறிதான் ஓட்டறாங்க.”

“இவங்கள்லாம்?”

தெய்வானை திரையைப் பார்த்தாள். முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு முகமாக. அவளுக்கு அந்த முகங்களைத் தெரியும். டயாலிசிஸ் பிரிவில் அவர்கள் கட்டில்கள் ஒவ்வொன்றாக வேறு ஆளுக்கு மாறியதும் தெரியும். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“கூசிப் போயிருவாங்களேன்னுதானுங்க,” என்றாள். “எனக்குத் தெரியுமே. எங்கூட்டுக்காரரு போனப்புறம் எனக்கு இந்த உள் ரூமு வேலையக் குடுத்தாங்க. மேடைக்கு வரவேண்டாம், பொத்தான் அமுக்குனாப் போதும்னாங்க. நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன்.”

ஆண்டுதோறும் வசுமதி இவள் கையால் மோர் வாங்கிக் குடித்திருக்கிறாள். இந்த அம்மாள் ஏன் எப்போதும் உள்ளறையிலேயே இருக்கிறாள் என்று கேட்டதேயில்லை.

டாக்டர் செங்கோட்டுவேல் நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். உங்களுக்குத் தெரியுமா என்று அவள் கேட்டதற்கு, தெரியும் என்று சொல்ல முடியாது, தெரியாது என்று சொல்லவும் நா வரவில்லை என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். கோகிலவாணியின் திசுவை மாலையில் தொட்டியில் இடப்போகிறார்கள். இட்டுவிட்டால் வளர்ந்து முடியும்வரை தொட்டி வேறு யாருக்கும் இல்லை. விதிப்படி முதலில் வந்து தகுதியோடு இருக்கிற பெயர்தான் செல்லும். மாராயியின் கடைசி ரத்தப் பரிசோதனையைத் திறந்து பார்த்தார். அடுத்த குலுக்கல்வரை அவள் தாங்குவாள் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். கோகிலவாணி தாங்குவாளா என்று வசுமதி கேட்டாள். தாங்கலாம், அதற்கும் உறுதி இல்லை என்றார்.

“ஒண்ணு செய்யலாம், மேடம். தொழில்நுட்பக் கோளாறுன்னு எழுதிடுங்க. பெட்டி தப்பா எடுத்துருச்சு, திருத்தியாச்சு. யார் மனசும் நோகாது. தெய்வானையம்மா வேலையும் போகாது.”

எவ்வளவு எளிதாக இருந்தது. வசுமதியின் நாற்காலியும் புன்னகையும்கூட அந்தக் கோளாறுக்குள் அடங்கிவிடும். சரி என்று சொல்ல வாய் திறந்த நேரத்தில்தான் தனக்கு அது எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. முகம் சுட்டது.

“பெட்டி தப்புப் பண்ணல, டாக்டர். அது மட்டுந்தான் பண்ணல.”

காலையில் கையெழுத்திட்ட சான்றிதழை அவள் கிழித்தாள். சுவரில் இருந்ததையும் எடுத்துவிடச் சொன்னாள். நடந்ததை நடந்தபடி அறிக்கையில் எழுதினாள். ஒத்திவைப்பு நடந்தபோது சரிபார்ப்பாளர் அறையில் இருந்தார், ஆட்சேபிக்கவில்லை என்ற வரியை எழுதும்போது விரல்கள் இரண்டு முறை நின்றன. மற்ற மாவட்டங்களிலும் ஒத்திவைத்த பெயர்களைத் திறக்க வேண்டும் என்று கடைசியில் சேர்த்தாள். அங்கெல்லாம் எத்தனை தெய்வானைகள் உள்ளறைகளில் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அங்கெல்லாமும் பாரபட்சம் இல்லை என்று அவள்தான் எழுதியிருக்கிறாள்.

கோகிலவாணியிடம் டாக்டரும் அவளும் சேர்ந்து போனார்கள். பெண்ணைக் கட்டிலில் படுக்க வைத்து, திசு எடுப்பதற்காக விலாவில் மருந்து தடவியிருந்தார்கள். ஆரத்திச் செம்மை இன்னும் நெற்றியில் அழியாமல் இருந்தது. வசுமதி எதையும் மழுப்பாமல் சொன்னாள். கணவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாமியார்தான் பேசினாள்: சுமங்கலிப் பிள்ளைக்குக் கொடுத்ததைப் பிடுங்கி யாருக்குக் கொடுக்கிறீர்கள், அவள் இருந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்றாள். வசுமதிக்குப் பதில் தெரியும். ஆனால் அந்தப் பதிலைச் சொல்லும் தகுதி தனக்கு இன்று இல்லை என்று நின்றாள். கோகிலவாணி விலாவில் தடவியிருந்த மருந்தைத் தன் முந்தானையால் தானே துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். அதைப் பார்க்காமல் இருப்பதற்காக வசுமதி தரையைப் பார்த்தாள். இந்தப் பெண்ணும் ஒரு தவறும் செய்யவில்லை.

மாராயி வராந்தாவில் அதே பெஞ்சில் இருந்தாள். டயாலிசிஸ் முறைக்காகக் காத்திருந்தவர்கள் இன்னும் சிலர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். வசுமதி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வரும் வழியில் மனதுக்குள் அடுக்கி வைத்த வாக்கியங்கள் எதுவும் நிற்கவில்லை.

“உங்க பேரு வந்துச்சுங்க. காலையிலேயே வந்துச்சு. முதல்ல வந்தது உங்க பேருதான்.”

மாராயிக்கு அது போய்ச் சேர நேரம் பிடித்தது.

“எம்பேருங்களா? பெட்டியா சொல்லுச்சு?”

“பெட்டிதான். வெளிய சொல்லாம தள்ளி வெச்சுட்டாங்க. இப்ப திருத்தியாச்சு. சாயந்தரமே உங்களுக்குத்தான்.”

“வந்துச்சுங்களா,” என்றாள் மறுபடியும், தனக்குத்தானே. அவள் முகத்தில் வந்த வெளிச்சம் சிறுநீரகத்துக்கானது அல்ல. வசுமதி அதைப் பார்த்தாள். கூட இருந்து மகிழ தனக்கு உரிமை இல்லாத வெளிச்சம். ஏன் தள்ளி வைத்தார்கள் என்று மாராயி கேட்கவில்லை. அது அவளுக்குத் தெரிந்ததுதான். யார் தள்ளி வைத்தது என்றும் கேட்கவில்லை. ஒரு சின்ன சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வதுபோல வேறொன்று கேட்டாள்.

“அப்ப அந்த ரூமுக்குள்ள ஆருமே இல்லீங்களா?”

வசுமதி வாயைத் திறந்தாள்.

“நான் இருந்தேன்.”

மாராயி அவளைப் பார்த்தாள். திட்டுவாள் என்று வசுமதி காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான். இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் வந்தது.

கதவைத் திறந்து ஒரு செவிலி எட்டிப் பார்த்தாள். “மாராயி இருக்காங்களா? உள்ள வரச் சொல்லுங்க,” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். மாராயி எழுந்திருக்கவில்லை.

“கூப்பிடறாங்க,” என்றாள் வசுமதி.

“காலையில கூப்புடலீங்களே,” என்றாள் மாராயி, முன்னால் பார்த்தபடி. “நீங்க கூப்புடுங்க.”

வசுமதி அந்தப் பெயரைச் சொன்னாள். அவளுக்கே எட்டாத குரலில் வந்தது.

சுவரோரம் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் வெள்ளைச் சேலைகளும் இருந்தன.

“சத்தமாங்க,” என்றாள் மாராயி.